துறைமுகத்தின் மேல் ஒரு செங்கல் மாளிகை

பழைய கட்டடம் ஒன்றைக் காணச் செல்லும்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி, "இது எப்போது கட்டப்பட்டது?" என்பதே. விடையைப் பலகையில் படிக்கிறோம். தலையை அசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். அந்த விடை பதினான்கு ஆண்டுகள் தவறாக இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று நம்மில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். தைவான் தீவில் ஒரு துறைமுகத்தின் மேல் நிற்கும் செங்கல் மாளிகையைக் கண்டு வந்தபின் என் எண்ணம் மாறிற்று. அந்த மாளிகையின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தைவானின் தென்மேற்குக் கரையில் காவ்சியுங் என்னும் பெருநகரம் இருக்கிறது. அதன் பழைய பெயர் தாக்கோ. அத்தீவின் பழங்குடி மக்கள் மொழியில் மூங்கிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். சீனர் அதே ஒலியைத் தம் எழுத்தில் எழுதியபோது, அவ்வெழுத்துக்களுக்கு 'நாயை அடி' என்று பொருள் வந்துவிட்டது. 1895 முதல் தீவை ஆண்ட ஜப்பானியருக்கு இந்தப் பொருள் பிடிக்கவில்லை. 1920ஆம் ஆண்டில் அவர்கள், ஜப்பானிய மொழியில் 'தகாவோ' என்று ஒலிப்பதும் உயர்வும் வீரமும் பொருந்திய பொருள் தருவதுமான வேறு இரண்டு எழுத்துக்களைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் அவ்வெழுத்துக்களைச் சீன முறையில் படிக்கவே, காவ்சியுங் என்றாயிற்று. மூங்கில் நாயாகி, நாய் வீரமாகிவிட்ட ஊர் அது. ஓர் ஊரின் பெயரே இத்தனை கைகள் மாறியிருக்குமானால், அங்குள்ள ஒரு மாளிகையின் வரலாறு நேராகவா இருக்கும்?

துறைமுகத்தின் வாயில் மிகக் குறுகியது. வடபுறம் ஒரு மலை. தென்புறம், நீண்ட மணல் திட்டின் முனையில், மற்றொரு குன்று. இரண்டுக்கும் இடையே கடல் உள்ளே நுழைந்து விரிந்த நீர்ப்பரப்பாகிறது. வடபுறத்து மலையை அக்காலத்து மேல்நாட்டு மாலுமிகள் குரங்கு மலை என்று அழைத்தார்கள். அங்கே இன்றும் குரங்குகள் உண்டு. அம்மலையின் அடிவாரத்தில், கடலை நோக்கி நீண்டிருக்கும் சிறு குன்றின் உச்சியில்தான் நான் காணச் சென்ற மாளிகை நிற்கிறது.

மாலை வேளையில் கற்படிகளின் வழியாக ஏறினேன். படிகள் அதிகமில்லை, ஆயினும் கடற்காற்றில் ஈரமும் வெப்பமும் கலந்திருந்தபடியால் நின்று நின்றுதான் ஏற முடிந்தது. உச்சியை அடைந்ததும் களைப்பு மறைந்தது. மேற்கே தைவான் நீரிணை; தெற்கே துறைமுக வாயில்; கிழக்கே கப்பல்களும் பாரந்தூக்கிகளும் நிறைந்த துறைமுகம். அடுக்கடுக்காகப் பெட்டகங்களைச் சுமந்த கப்பல் ஒன்று அந்தக் குறுகிய வாயிலில் மெல்ல நுழைந்து கொண்டிருந்தது. எதிர்க்குன்றில் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதனருகே சீனப் பேரரசு 1870களில் கட்டிய கோட்டை. இந்த வாயிலில் வரும் கப்பலும் போகும் கப்பலும் இந்தக் குன்றின் கண்ணுக்குத் தப்ப முடியாது. மாளிகைக்கு இடம் தேர்ந்தவர் காற்றுக்காக மட்டும் தேரவில்லை என்பது அங்கே நின்றவுடன் விளங்கியது.

மாளிகை சிவந்த செங்கல்லால் ஆனது. நாற்புறமும் அரைவட்ட வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. வளைவுகளுக்குப் பின்னே அகன்ற தாழ்வாரம். தாழ்வாரத்துக்குப் பின்னே உயர்ந்த கூடங்கள். வெயில் சுவரைத் தொடாமல் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடும் அமைப்பு. இது இங்கிலாந்திலிருந்து வந்த முறையன்று. வெப்ப நாடுகளில் வாழ நேர்ந்த ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிக்கொண்டு, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் சீனத்தின் துறைமுகங்களுக்கும் கொண்டு சென்ற முறை. அந்தத் தாழ்வாரத்தில் நடந்தபோது, நம் நாட்டில் பழைய கலெக்டர் பங்களா ஒன்றில் நடப்பது போலவே இருந்தது.

இனி, இந்த மாளிகை யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைப் பார்ப்போம். அவர் கான்சல் எனப்பட்டார். ஒரு நாட்டின் தூதர் மற்றொரு நாட்டின் தலைநகரில் இருந்து அரசோடு பேசுபவர். கான்சல் துறைமுகங்களில் இருந்து தம் நாட்டு வணிகரையும் மாலுமிகளையும் கவனிப்பவர். இதுவே உலக வழக்கு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தில் கான்சலின் நிலை வேறு. போரில் தோற்ற சீனத்தின் மீது சுமத்தப்பட்ட உடன்படிக்கைகளின்படி, அந்நாட்டு மண்ணில் ஓர் ஆங்கிலேயன் குற்றம் செய்தால் சீன நீதிமன்றம் அவனை விசாரிக்க முடியாது. அவனுடைய கான்சலே நீதிபதி. எழுத்தரும் அவருக்குண்டு, காவலரும் உண்டு, சிறைக்கூடமும் உண்டு. அதாவது, கான்சல் இருக்கும் இடம் சீனத்துக்குள் ஒரு சிறு இங்கிலாந்து.

1858ஆம் ஆண்டில் தியன்ட்சின் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையால் தைவான் மேல்நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1861இல் ராபர்ட் ஸ்வின்ஹோ என்னும் இளைஞர் பிரிட்டனின் பிரதிநிதியாக அங்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. பிறந்தது நம் கல்கத்தாவில், 1836இல். தீவின் வடபகுதியிலும் பணி செய்தவர், 1864இல் தாக்கோவுக்கு வந்து சேர்ந்தார். தாக்கோவின் முக்கிய ஏற்றுமதி சர்க்கரை. முக்கிய இறக்குமதி எது தெரியுமா? அபினி. அதில் நம் கங்கைச் சமவெளியில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போன அபினியும் இருந்தது. கல்கத்தாவில் பிறந்த அதிகாரியும், கல்கத்தாவிலிருந்து வந்த சரக்கும் அந்தச் சிறு துறைமுகத்தில் சந்தித்தது தற்செயலன்று. ஒரே பேரரசின் இரு கரங்கள் அவை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மாளிகை எப்போது கட்டப்பட்டது?

நெடுங்காலம் எல்லாரும் சொல்லி வந்த விடை 1865 என்பது. பழைய வழிகாட்டி நூல்களில் அவ்வாண்டைக் காணலாம். தைவானில் எஞ்சியுள்ள மேல்நாட்டுப் பாணிக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது என்ற பெருமையும் அதனோடு சேர்ந்துகொண்டது. மேலும், குன்றின்மேல் நிற்கும் இதுவே கான்சலின் அலுவலகம் என்றும் மக்கள் நம்பினார்கள். 1865இல் தாக்கோவில் பிரிட்டிஷ் கான்சல் அலுவலகம் இயங்கியது உண்மை. அலுவலகத்தின் ஆண்டையே கட்டடத்தின் ஆண்டாகவும் கொண்டுவிட்டார்கள் போலும்.

பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டிஷ் அரசின் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ஷாங்காயில் இருந்த அரசுக் கட்டடப் பணி அலுவலகத்தின் வரைபடங்களும் கடிதங்களும் அவற்றில் இருந்தன. அவை சொன்ன செய்தி வேறு. குன்றின்மேல் உள்ள மாளிகை 1879இல் முடிந்தது. அது அலுவலகமன்று, கான்சல் குடியிருந்த வீடு. அலுவலகமும், காவலர் குடியிருப்பும், சிறைக்கூடமும் குன்றின் அடியில் துறைமுக ஓரத்தில் தனியே இருந்தன. இரண்டையும் இணைத்தது ஒரு கற்படிப் பாதை. நான் ஏறி வந்தது அந்தப் பாதைதான்.

ஆவணம் சொன்னதைக் கட்டடமும் ஒப்புக்கொள்கிறது. காற்றாடும் தாழ்வாரமும், கடலைப் பார்த்த கூடமும் குடியிருப்புக்கு உரியவை. சுங்கச் சீட்டோடு ஓடிவரும் கப்பல் தலைவனும், வழக்கோடு வரும் வணிகனும் ஒவ்வொரு முறையும் குன்றேறி வரவேண்டும் என்று எந்த அலுவலகமும் எதிர்பார்க்காது. சற்றே நின்று யோசித்திருந்தால் இந்த ஐயம் நமக்கே எழுந்திருக்கும். ஆனால் பலகையில் எழுதியிருந்ததால் நாம் யோசிக்கவில்லை.

"சரி, 1865 ஆனால் என்ன, 1879 ஆனால் என்ன? பதினான்கு ஆண்டுகள்தாமே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் நடந்ததைக் கேளுங்கள்.

1864இல் ஸ்வின்ஹோ தாக்கோவுக்கு வந்தபோது அவருக்குக் கரையில் இடமில்லை. துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த, அபினியைச் சேமித்து வைக்கும் கப்பல் ஒன்றில் தம் அலுவலகத்தை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு வணிகரின் கட்டடம் வாடகைக்குக் கிடைத்தது. பேரரசின் கொடி அந்த வாடகைக் கூரையின் மேல்தான் பறந்தது.

1867 மார்ச் மாதத்தில் ரோவர் என்னும் அமெரிக்கக் கப்பல் தீவின் தென்முனையில் உடைந்தது. கரையேறியவர்களைப் பழங்குடியினர் கொன்றனர். தப்பி வந்த சீன மாலுமி ஒருவர் சொல்லிச் செய்தி தாக்கோவுக்கு எட்டியது. கான்சலாக இருந்த சார்லஸ் கேரல், கார்மொரண்ட் என்னும் போர்க்கப்பலை அனுப்பினார். பழங்குடியினர் காட்டிலிருந்து சுட்டு அதைத் திருப்பி அனுப்பினார்கள். பின்னர் ஜூன் மாதத்தில் வந்த அமெரிக்கக் கடற்படையும் ஓர் அதிகாரியை இழந்து திரும்பியது. இறுதியில், சீனத்தின் அமாய் நகரில் இருந்த அமெரிக்கக் கான்சல் லெஜான்டர், பழங்குடித் தலைவர் டௌகடோக் என்பவரை நேரில் கண்டு பேசி அமைதி செய்துகொண்டார். முன்னொரு காலத்தில் வெள்ளையர் தம் குலத்தை ஏறக்குறைய அழித்துவிட்டதால் எழுந்த பழியுணர்ச்சி அது என்று அத்தலைவர் விளக்கினாராம். பீரங்கியால் முடியாததைப் பேச்சு முடித்தது.

அடுத்த ஆண்டு, 1868இல், கற்பூரத்தால் சச்சரவு மூண்டது. தைவானின் மலைக்காடுகள் கற்பூர மரத்துக்குப் பெயர்பெற்றவை. அந்த வாணிகத்தைச் சீன அதிகாரிகள் தமக்கே உரியதாக வைத்திருந்தார்கள். ஆங்கில வணிகர் உடன்படிக்கையைக் காட்டித் தமக்கும் உரிமை உண்டென்றனர். கற்பூரம் பறிமுதலாயிற்று. அதே சமயத்தில் கிறிஸ்தவ சபையினரின் வழிபாட்டிடங்களும் தாக்கப்பட்டன. பொறுப்பிலிருந்த கான்சல் கிப்சன் போர்க்கப்பலின் உதவியை நாடினார். நவம்பரில் கர்டன் என்னும் கடற்படை அதிகாரி, அன்பிங் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, இரவில் ஒரு சிறு படையுடன் கரையிறங்கி அதைக் கைப்பற்றினார். சீன அதிகாரிகள் பணிந்தார்கள். கற்பூரத் தனியுரிமை ஒழிந்தது. இச்செயலைப் பிறகு பிரிட்டிஷ் அரசே கண்டித்தது. ஆயினும் நடந்தது நடந்ததுதான்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் நடந்தபோது குன்றின்மேல் மாளிகை இல்லை. இதுதான் முக்கியம். 1865 என்ற ஆண்டை நம்பினால் நமக்குக் கிடைக்கும் சித்திரம் என்ன? ஆங்கிலேயர் வந்தார்கள், அழகான மாளிகை கட்டினார்கள், அமைதியாக வாணிகம் நடத்தினார்கள் என்பதே. 1879 என்ற ஆண்டை அறிந்தால் சித்திரம் மாறுகிறது. முதலில் உடன்படிக்கை வந்தது. பிறகு அபினிக் கப்பல் வந்தது. பிறகு பீரங்கி வந்தது. எல்லாம் அடங்கிய பின்னர்தான் செங்கல்லும் சுண்ணாம்பும் வந்தன. அதிகாரத்துக்கு மாளிகை தேவைப்படவில்லை. அதிகாரம் நிலைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தபோதுதான் மாளிகை எழுந்தது. ஓர் ஆண்டைத் திருத்தியதால் ஒரு வரலாறே திருந்திவிட்டதைப் பாருங்கள்.

மற்றொரு செய்தியும் இதனால் தெளிவாகிறது. தாக்கோ என்றதும் ஸ்வின்ஹோவின் பெயர் நினைவுக்கு வரும். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் அவர் தைவானின் உயிரினங்களை ஆராய்வதில் செலவிட்டார். தீவின் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1863இல் வெளியாயிற்று. தைவானுக்கே உரிய நீலநிறக் காட்டுக்கோழி ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. குரங்கு மலையின் குரங்குகளை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அத்தகைய அறிஞர் இந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பறவைகளைப் பார்த்திருப்பார் என்று எண்ண ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் 1877இல், நாற்பத்தோராம் வயதில், லண்டனில் இறந்துவிட்டார். மாளிகை முடிந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. இந்தத் தாழ்வாரத்தை அவர் கண்டதே இல்லை.

ஸ்வின்ஹோவைப் போலவே அந்தச் சிறு துறைமுகத்தில் பணிபுரிந்து பின்னர் புகழ் பெற்ற மற்றொருவர் உண்டு. 1866 முதல் சுங்கத்துறை மருத்துவராக இருந்த பேட்ரிக் மேன்சன் என்பவர் அவர். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு கொசுவின் உடலில் வளர்கிறது என்பதைப் பிற்காலத்தில் அவர் கண்டறிந்தார். அவர் காட்டிய வழியைப் பின்பற்றியே ரொனால்டு ராஸ், 1897இல் நம் செகந்திராபாத்தில், மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார். அபினி இறங்கிய துறையிலேயே அறிவும் வளர்ந்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் வரலாறு எழுதுபவர் ஆகார்.

நிலைத்துவிட்டது என்று எண்ணிய அதிகாரம் எத்தனை நாள் நிலைத்தது? 1895இல் சீனம் ஜப்பானிடம் தோற்றுத் தைவானை இழந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜப்பானியக் கப்பல்கள் துறைமுக வாயிலின் கோட்டைகளின் மீது குண்டு வீசின. எதிர்க்குன்றுக் கோட்டை அன்று வீழ்ந்தது. 1899இல் ஜப்பானிய ஆட்சிப் பகுதிகளில் கான்சல்களின் நீதி அதிகாரமும் முடிவுக்கு வந்தது. சிறைக்கூடம் வெறுமையாயிற்று. மாளிகை கட்டி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன! 1925இல் கட்டடங்கள் ஜப்பானிய அரசின் கைக்குச் சென்றன. 1930களில் மாளிகை கடலியல் ஆய்வு நிலையமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வானிலைத் துறையினரிடம் இருந்தது. பின்னர் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1977 ஜூலையில் வீசிய பெரும்புயல் அதைச் சிதைத்தது. 1980களில் செப்பனிடப்பட்டு, 1987இல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடிவாரத்து அலுவலகத்தின் உண்மை வரலாறு தெரியவந்தபின் அதுவும் செப்பனிடப்பட்டு, 2013இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. மாளிகையின் கண்ணெதிரிலேயே மற்றொன்றும் நடந்தது. ஜப்பானியர் 1908 முதல் ஆழப்படுத்தத் தொடங்கிய துறைமுகம், 1990களில் உலகின் மிகப் பெரிய பெட்டகத் துறைமுகங்களுள் ஒன்றாக உயர்ந்தது.

பொழுது சாய்ந்தது. மாளிகையை ஒட்டி உள்ளூர் மக்கள் வழிபடும் சிறு கோவில் ஒன்று உண்டு. அங்கே ஊதுவத்தி புகைந்து கொண்டிருந்தது. அருகிலுள்ள பல்கலைக்கழகத்து மாணவர்கள் சிலர் வளைவுகளின் கீழே அமர்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அவர்களுடைய முன்னோர் அனுமதியின்றி ஏற முடியாத குன்று அது. இன்று அவர்கள் வீட்டுத் திண்ணைபோல் ஆகிவிட்டது.

படிகளில் இறங்கி அடிவாரத்து அலுவலகத்தை அடைந்தேன். மேலே கண்டது காற்று, கடல், அழகு. கீழே கண்டது மேசை, கணக்கு, சிறை. பலகை தவறாக இருந்த காலத்தில் மக்கள் மேலே உள்ளதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கீழே உள்ளதைப் பார்க்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பிழை, பாதி வரலாற்றை மறைத்து வைத்திருந்தது.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பழைய கட்டடம் இருக்கும். அதன் முகப்பில் ஓர் ஆண்டு எழுதப்பட்டிருக்கும். அடுத்த முறை அதைக் கடந்து செல்லும்போது சற்றே நில்லுங்கள். அந்த ஆண்டை யார் சொன்னார், எந்த ஆவணத்தைக் கொண்டு சொன்னார், கட்டடத்தின் அமைப்பு அதற்கு இசைகிறதா என்று கேளுங்கள். அதைக் கட்டுவதற்கு முன்னே அந்த இடத்தில் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். உங்கள் கேள்விக்கு உடனே விடை கிடைக்காமற் போகலாம். தாக்கோ மாளிகை உண்மையான விடைக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. கேட்க ஒருவர் வந்த பிறகுதான் அது வாய் திறந்தது.